ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

அத்தானின் காரில் பொனற்றைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். இயந்திரத்தைச் சுற்றி ஓடிய வயர்களும் ரப்பர் குழாய்களும் சைக்கிள் ரியூப்பில் வெட்டியெடுத்த கறுப்பு வார்களால் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு காது நீட்டிக்கொண்டு நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பின்னலில் ரிபன் கட்டிவிட்டதுபோல. அந்தக் காதுக்குக் கீழே தொங்கும் வாலைப் பிடித்து ஒருமுறை இழுத்தால் போதும், முடிச்சு அவிழ்ந்து வார் கையோடு வந்துவிடும். காரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அப்படித்தான். நான் வாகனங்களுக்கு வயறிங் செய்கிறவன், அதுதான் என் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் வீட்டில் இல்லாத நேரத்தில், அவை எல்லாவற்றையும் அவிழ்த்தெறிந்துவிட்டு முறைப்படி கட்டிக் கொடுத்தேன். என் கையால் நான் செய்த வேலைகளில் அதைவிட நேர்த்தியான வேலை இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. ஜெயபுரத்தில் அவர்களுக்கு ஒரு துண்டு வயலும் வீட்டோடு சேர்ந்த சின்னத் தோட்டமும் இருந்தன. பிள்ளைகள் இல்லை. கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து போன வழியில் செல் குண்டு விழுந்து, அத்தானின் இடது கையில் நான்கு விரல்களும் உள்ளங்கையில் பாதியும் போய்விட்டன. பெருவிரல் மட்டும் மிஞ்சியது, அதுவும் முழுதாக மடங்காது. மீளக் குடியேறிய பிறகு அந்தக் கையை வைத்துக்கொண்டே அவர் மண்வெட்டி பிடித்தார், வரம்பு கட்டினார், கூரைக்குத் தகரம் ஏற்றினார். ஒருவரையும் உதவிக்குக் கூப்பிட மாட்டார். கூப்பிடாமல் போய்ப் பிடித்தாலும் முகம் கறுத்துவிடும். சில வருடங்கள் இப்படிப் போனதில், அவருக்கு ஒரு கை குறைவு என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. நாங்கள் மறக்கும்படி அவர் வாழ்ந்தார் என்று சொல்வதுதான் சரி.

ஒன்று மட்டும் அவரால் முடியவில்லை. குழியும் மணலுமான எங்கள் ஊர் ஒழுங்கைகளில் ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்ட முடியாது, மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் சந்தையோ கோயிலோ, எங்கே போவதென்றாலும் அக்கா சைக்கிளை மிதிப்பாள், அத்தான் பின்னால் கரியரில் இருந்து போவார். அக்காவுக்கு மெலிந்த உடம்பு. ஏற்றம் வந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும், அத்தான் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். சந்திக் கடையில் இருந்தவர்களுக்கு இது நல்ல பகிடி. மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது, வழி விடுங்கள் என்பார்கள். அக்கா அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு மிதித்துக்கொண்டே போவாள். அத்தான் சிரிப்பதில்லை. ஒருநாள் கிணற்றடியில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார்: “ஒருநாளைக்குக் கொக்காவை இருத்தி நான் கொண்டுபோவன், இருந்து பார்.” என் அக்காவை அவர் என்னிடம் எப்போதும் கொக்கா என்றுதான் சொல்வார்.

அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் கார் செய்யத் தொடங்கினார். கார் வாங்குவதென்பது அவர்களுக்குக் கனவிலும் இல்லை, வாங்கினாலும் இடது கையால் கியர் போட முடியாது. பக்கத்துக் காணியில் எரிந்துபோன ஒரு காரின் அடிச்சட்டம் கொடி படர்ந்து கிடந்தது. அதை இழுத்து வந்து துருச் சுரண்டினார். உடைத்துப் போட்ட வான் ஒன்றின் சின்ன டீசல் இயந்திரம், உழவு இயந்திரத்தின் ரேடியேற்றர், பழைய பஸ் ஒன்றின் பின் இருக்கை, பலகைக் கதவு. கியர்த் தண்டின் நுனியில் பாலை மரத்தில் கிண்ணம்போல் ஒன்றைக் குடைந்து பொருத்தினார், அந்தப் பெருவிரலும் பாதி உள்ளங்கையும் அளவாக அதற்குள் போய் உட்காரும். மூன்று வருடம் எடுத்தது. இலக்கத் தகடு இல்லாத வண்டி, ஆகவே ஊருக்குள் மட்டும்தான் ஓட்டம். ஊரவர்கள் அதற்குச் சாம்பாறு என்று பெயர் வைத்தார்கள், எல்லாம் கலந்து போட்டது என்பதால். அத்தானுக்கு அதில் கோபமில்லை. சாம்பாறு என்றாலும் உப்புப் புளி சரியாக விழுந்திருக்கிறது என்பார். முதல்நாள் அக்கா அந்த பஸ் இருக்கையின் நடுவில் குந்தி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சந்திக் கடையைக் கடக்கும்வரைக்கும் சிரித்தாள். கடையில் இருந்தவர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். அன்றைக்குத்தான் அத்தானும் சிரித்தார்.

ஒரு விசயத்தை நான் ஒளிக்கக் கூடாது. அந்த ரியூப் வார்களை விட்டால், அவருடைய வேலையில் நான் குறை சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. வயர்கள் ஒன்றையொன்று பின்னாமல் பக்கம் பக்கமாகப் படுத்திருந்தன. சூடான புகைக்குழாய்ப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. வளைவு வருகிற இடங்களில் கொஞ்சம் தளர்வு விட்டிருந்தார். ஆனால் அந்தக் காதுகளும் வால்களும் என் கண்ணில் மணல்போல் உறுத்தின. கட்டு என்றால் இறுகி நிற்க வேண்டும், வால் தெரியக் கூடாது என்று படித்தவன் நான். புளியங்குளத்தில், பெரிய ரோட்டோரத்தில் வாகனம் திருத்துகிற ஒரு கராச்சில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் முதலாளி கட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, விரலில் ஏதும் தட்டினால் திரும்பச் செய்யச் சொல்லுவார்.

அந்த முடிச்சைப் பற்றி எங்களுக்கெல்லாம் ஒரு விளக்கம் இருந்தது. வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தறப்பாளும் தகரமும் சைக்கிளில் ஏற்றிய மூட்டையும் சைக்கிள் ரியூப் வாரால்தான் கட்டுவோம், அதையும் ஒரே இழுப்பில் அவிழும்படி கட்டுவோம். ஏனென்றால் எழும்பு என்றால் எழும்ப வேண்டும், அவிழ்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அந்தப் பழக்கம் சிலருக்கு இன்னும் போகவில்லை. காணிப் பத்திரத்தைத் தலைமாட்டில் பையில் வைத்துக்கொண்டு படுக்கிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டு யன்னலுக்கு ஆணி அடிக்காமல் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அத்தானும் அந்தக் கூட்டம்தான், மனதுக்குள் இன்னும் ஓடுவதற்கு ஆயத்தமாகத்தான் இருக்கிறார், பற்றறியையும் வயரையும் பத்து நிமிடத்தில் கழற்றித் தோளில் போடலாம் என்றுதான் இப்படிக் கட்டி வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. எனக்கு அவரில் இரக்கமாக இருந்தது. சண்டை முடிந்துவிட்டது என்பதை அவருக்கு யாராவது காட்டிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். அவருக்கு அப்படித்தான் சரிவரும், நீ விடு என்றாள். ஏன் சரிவரும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் தெரிந்த காரணம்தானே என்று விட்டுவிட்டேன்.

மாரி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயபுரம் போனேன். அத்தான் கமக்காரர் கூட்டத்துக்குப் பூநகரிக்குப் போயிருந்தார், பின்னேரம்தான் வருவார். பையில் நான் எல்லாம் கொண்டுபோயிருந்தேன்: ஒட்டுகிற கறுப்பு ரேப், இழுத்தால் பல் பல்லாக இறுகி, பிறகு வெட்டினாலொழியக் கழராத பிளாஸ்ரிக் ரைப் பட்டிகள், என் குறடு. அக்கா குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள். முதலில் அவளுக்கு விருப்பமில்லை. அவர் வந்தபிறகு கேட்டுச் செய்யலாமே என்று இரண்டு தரம் சொன்னாள். வந்து பார்த்து அசந்துபோகட்டும், வாயைத் திறக்காதே என்றேன் நான். வயர்களை ரேப்பால் சுற்றி, அவற்றையும் ரேடியேற்றருக்குப் போகிற தண்ணீர்க் குழாயையும் ஒன்றாக அணைத்து அடிச்சட்டத்தின் இரும்போடு இறுக்கினேன். ஒவ்வொரு ரையின் வாலையும் குறட்டால் ஒட்ட வெட்டினேன். விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் தட்டவில்லை. முடிந்தபோது உள்ளே எல்லாம் கோடு போட்டதுபோல் இருந்தது. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். “என்ர தம்பியின்ர வேலை” என்று சொன்னாள். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அத்தான் வந்து பொனற்றைத் திறந்தார். அந்தப் பெருவிரலால் ஒவ்வொரு கட்டாகத் தடவிக்கொண்டு போனார். ஒரு ரையை நகத்தால் கிளப்பிப் பார்த்தார், அது அசையவில்லை. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “வடிவாயிருக்கு தம்பி” என்றார். அவ்வளவுதான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, என் குறட்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் பொங்கலுக்கு முன்னும் பின்னும் கராச்சில் வண்டிகள் குவிந்து கிடந்தன. போகவில்லை.

அரிவுவெட்டுக் காலம் வந்தது. இப்போதெல்லாம் இயந்திரம்தான் நெல்லை வெட்டுகிறது, ஆனால் வயலின் மூலைகளுக்கு அது திரும்பாது. மூலைகளைக் கையால் வெட்ட வேண்டும். அக்கா ஒரு மூலையில் நின்று வெட்டிக்கொண்டிருந்தபோது புடையன் பாம்பு கணுக்காலில் கடித்தது. பகல் பதினொரு மணி இருக்கும். அத்தான் ஆம்புலன்சுக்கு அடித்துக் கேட்டார். அது வேறொரு நோயாளியோடு போயிருக்கிறது, திரும்பிவரச் சுணங்கும் என்றார்கள். கார் முற்றத்தில் நின்றது. அக்காவைப் பின் இருக்கையில் கிடத்திக்கொண்டு, அக்கராயன் பக்கமாகப் போகிற காட்டு ரோட்டில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு விட்டார். இலக்கத் தகடு இல்லாத அந்தக் கார் முதன்முதலாக ஊரைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

பாதி வழியில், நடுக்காட்டில், பொனற்றிலிருந்து ஆவி கிளம்பியது. தண்ணீர்க் குழாய் ஓட்டையாகியிருந்தது. பிறகு நான் பார்த்தேன், அந்த ஓட்டை சரியாக நான் கட்டிய இடத்தில்தான் இருந்தது. ரியூப் வார் வண்டியின் குலுக்கத்துக்கு இளகிக் கொடுக்கும். நான் போட்ட ரை இளகவில்லை. இரும்பின் விளிம்போடு குழாயை இறுக்கிப் பிடித்து, இரண்டு மாதமாக அதை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அத்தானிடம் தண்ணீர்க் கான் இருந்தது, ரியூப் வார்களும் ஒரு கட்டு இருந்தன. ஓட்டைக்கு மேல் வாரை இறுக்கிச் சுற்றினால் கிளிநொச்சி வரைக்கும் தாங்கும். ஐந்து நிமிட வேலை. ஆனால் சுற்றுவதென்றால் குழாயை இரும்பிலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவிப்பதென்றால் மூன்று ரைகளை அறுக்க வேண்டும். காரில் கத்தி இல்லை, குறடு இல்லை. அவருடைய கட்டுகளுக்கு அவை தேவைப்பட்டதேயில்லை. அரிவாள் வயலில் கிடந்தது.

அவர் வாயால் கடித்து அறுத்திருக்கிறார். கொதிக்கிற இயந்திரத்துக்குள் தலையைக் கொடுத்து முதலாவதைக் கடித்து அறுத்து, இரண்டாவதையும் அறுத்திருக்கிறார். மூன்றாவது இயந்திரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, வாய் போகாத இடத்தில் இருந்தது. கல்லால் குத்திப் பார்த்தார். அக்கா இருக்கையிலிருந்து எழும்பி வந்து, கண் இமை மூடிக்கொண்டு போக, தன் கையாலும் இழுத்துப் பார்த்தாள் என்று அத்தான் பிறகு சொன்னார். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது நிலத்துக்கே போயிற்று. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்த ரோட்டில் ஒருவரும் வரவில்லை. கடைசியில் விறகு ஏற்றிப் போன ஓர் உழவு இயந்திரம் வந்து, அதன் பெட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். அதற்குள் பல் முரசிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை, என் கையை மட்டும் பிடித்தாள். மூன்றாம் நாள் விடிய அக்கா போய்விட்டாள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஒரு தாதி யாரிடமோ மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், காட்டு ரோட்டில் நின்ற காரை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்து முற்றத்தில் விட்டார்கள். எல்லாரும் போனபிறகு நான் பொனற்றைத் திறந்தேன். அறுந்த இரண்டு ரைகளின் நுனியிலும் பல் பதிந்திருந்தது. ஒன்றில் காய்ந்த இரத்தம். மூன்றாவது அசையாமல், வால் ஒட்ட வெட்டியபடி, நான் கட்டிய அதே வடிவில் இருந்தது. அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டேன். பிறகு ஏன் அப்படிச் செய்தேனோ தெரியாது, பக்கத்தில் கிடந்த ஒரு ரியூப் வாரை எடுத்து, என் இடது கையின் நான்கு விரல்களையும் மடித்துப் பெருவிரலை மட்டும் விட்டு, ஒரு வயரைக் கட்டிப் பார்த்தேன். ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மற்றதைப் பெருவிரலில் கொளுவி, எத்தனை விதமாய்க் கட்டினாலும் கடைசியில் வந்து நின்றது அந்த ஒரே முடிச்சுத்தான். காதும் வாலும் வைத்த முடிச்சு. அதைத்தான் ஒரு கையால் கட்டலாம், ஒரு கையால் அவிழ்க்கலாம். யாரையும் கூப்பிடாமல் தன் காரைத் தானே கழற்றிப் பூட்டுவதற்காக அந்த மனிதர் யோசித்து யோசித்துக் கட்டியதை, நான் பயந்தவனின் பழக்கம் என்று நினைத்து இரக்கப்பட்டு அவிழ்த்திருக்கிறேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அத்தான் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த வருடமும் சொல்லவில்லை, அடுத்த வருடமும் சொல்லவில்லை. திவசத்துக்குப் போனால் வாழையிலையில் எனக்குத்தான் முதலில் சோறு போடுவார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நான் புளியங்குளத்து வேலையை விட்டு ஓமந்தையில் ஒரு கராச்சுக்கு மாறினேன். கட்டுவதற்கு முன் இப்போது வண்டிக்காரரின் கைகளைப் பார்க்கிறேன், எங்கே நின்று எப்படித் திறப்பீர்கள் என்று கேட்கிறேன். என் முதலாளிக்கு இது விசர்க் கதையாகத் தெரிகிறது. வாலை ஒட்ட வெட்டுவதையும் விட்டுவிட்டேன். இதெல்லாம் செய்வதால் அக்கா திரும்பி வரப்போவதில்லை, அது எனக்குத் தெரியும்.

போன முறை திவசத்துக்குப் போனபோது வீட்டில் நானும் அவரும்தான். கார் இன்னும் மா மரத்துக்குக் கீழே நிற்கிறது, அவர் அதைத் தொடுவதில்லை. அக்காவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துதான் சந்தைக்குப் போய் வருகிறார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். இனியும் சொல்லாவிட்டால் செத்துவிடுவேன் என்று எனக்கு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பல் பதிந்ததைப் பார்த்ததை, முடிச்சைக் கட்டிப் பார்த்ததை, குழாய் அறுந்தது என் ரையால்தான் என்பதை. நான்தான் அக்காவைக் கொன்றேன் அத்தான் என்றேன். அழுதேன். அவர் என்னை அழ விட்டார்.

“எனக்குத் தெரியும்” என்றார் பிறகு. “நீ போன அடுத்தநாள் விடியவே நான் அதுகளை வெட்டப் போனனான். கத்தியை எடுத்துக்கொண்டு குனிஞ்சிட்டன். கொக்காதான் வந்து கையைப் பிடிச்சவா.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மா மரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் மிச்சத்தையும் சொன்னார்.

“‘தம்பி ஆசையாச் செய்து தந்திட்டுப் போயிருக்கிறான். பொங்கலுக்கு வரேக்க அவன் கட்டினது இல்லையெண்டு கண்டால் மனம் நொந்துபோவான். அவன் வந்து ஒருக்காப் பாத்திட்டுப் போகட்டும், அதுக்குப் பிறகு நீங்கள் உங்கட மாதிரிக் கட்டுங்கோ’ எண்டவா. நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன். பொங்கல் முடிஞ்சு ஒவ்வொரு ஞாயிறும், இண்டைக்கு வருவான் எண்டு உனக்கும் சேத்துத்தான் உலை வைச்சவா.”